எந்த எழுத்து? எந்தச் செயலி?

உரைநடை உலகம்

நுழையும்முன்

எதையும் படிக்கத் தொடங்குமுன் கேட்கவேண்டிய முதற்கேள்வி ஒன்று உண்டு: இஃது எந்த எழுத்தில், எந்த மரபின்படி எழுதப்பட்டது? இக்கேள்விக்கு உரிய விடை காணாமையால், தமிழ்க் கல்வெட்டுகளையே வேற்றுமொழியின எனக் கருதிய காலமும் இருந்தது. கல்லின்முன் எழுந்த அக்கேள்வி இன்று கணினியின்முன்னும் எழுகிறது. தொலைவிலுள்ள கணினி ஒன்றின் பிழையைக் களைய முற்படுவோர், அதன் செயலி எவ்வகையது என்பதை அறியும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

ஏழடிப்பட்டம் தரும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள சித்தன்னவாசல், அறிவர் கோயில் ஓவியங்களால் புகழ்பெற்றது. அதே குன்றில், ஏழடிப்பட்டம் என வழங்கும் இயற்கைக் குகைத்தளம் ஒன்றும் உள்ளது. சமணத் துறவியர் தங்குவதற்காக வழவழப்பாகச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகளை அங்குக் காணலாம். அவற்றுள் ஒன்றனை ஒட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடையது. இதன் எழுத்தைத் தமிழ்பிராமி என்றும் தமிழி என்றும் அறிஞர் அழைப்பர்.

இத்தகைய கல்வெட்டுகள் பாண்டிநாட்டுக் குன்றுகளிலும் கிடைத்தன. அசோகர் காலப் பிராமி எழுத்தை முன்பே அறிந்திருந்த ஆய்வாளர்கள், அதன் விதிகளையே இவற்றுக்கும் பொருத்திப் பிராகிருதமாகவும் பாலியாகவும் படிக்க முயன்றனர். தெளிவான பொருள் கிட்டவில்லை. 1924ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர், தமிழ் ஒலிகளுக்குரிய ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகள் இவற்றில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, இவை தமிழ்க் கல்வெட்டுகளே என விளக்கினார். இவ்வாய்வைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஐராவதம் மகாதேவன், 2003இல் பழந்தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார்.

வேறுபாடு எங்கே இருந்தது? வடபுலப் பிராமியில், கோடு சேராத எழுத்து அகரம் ஏறிய உயிர்மெய். கோடு சேர்ந்தால் அது நெடில். பழந்தமிழ்க் கல்வெட்டுகள் சிலவற்றிலோ, கோடு சேராத எழுத்து மெய்யாகவும் நிற்கும். கோடு சேர்ந்த எழுத்து குறிலாகவும் வரும். எனவே, ‘மகன்’ எனத் தமிழ்மரபில் எழுதப்பட்டதை வடபுல விதிப்படி படித்தால் ‘மாகான’ என்றே ஒலிக்கும். பொறிக்கப்பட்ட குறிகள் ஒன்றே. படிக்கும் விதி மாறியதால் சொல்லும் மொழியும் மாறித் தோன்றின.

தெரியுமா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் குடுமியான்மலையில் உள்ள இசைக்கல்வெட்டு பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்தது. அவ்வெழுத்தை நன்கு அறிந்தவரும் அதன் வரிகளில் சொற்பொருளைத் தேடினால் ஏமாற்றமே அடைவார். ஏனெனில், அவ்வெழுத்துகளுட் பெரும்பாலானவை பண்களுக்குரிய சுரக்குறிப்புகள். கணினியின் நினைவகத்திலும் கட்டளைகளும் தரவுகளும் ஒரேவகை எண்களாகவே இருக்கின்றன. எது கட்டளை, எது தரவு எனத் தெரியாமல் படித்தால் இதே ஏமாற்றம் நேரும்.

எண்களின் இலக்கணம்

செயலிக்கு எழுத்தும் தெரியாது, சொல்லும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்களே. எந்த எண் கூட்டலைக் குறிக்கும், எந்த எண் நினைவகத்திலிருந்து தரவை எடுத்துவரச் சொல்லும், ஒரு கட்டளை எத்தனை பைட்டு நீளமுடையது என்பனவற்றை வரையறுக்கும் விதித்தொகுப்பே அச்செயலியின் கட்டமைப்பு. இதனைச் செயலியின் இலக்கணம் எனலாம்.

இன்று பரவலாக வழங்கும் கட்டமைப்புகள் மூன்று. மேசைக்கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் எக்ஸ்86-64 மிகுதியாக உள்ளது. கைப்பேசிகளில் ஆர்ம் கட்டமைப்பே பெரும்பான்மை. மூன்றாவது, 2010இல் அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ். உரிமக்கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க திறந்த கட்டமைப்பு இது.

இவற்றின் இலக்கணங்கள் பெரிதும் வேறுபடுகின்றன. எக்ஸ்86-64 கட்டளை ஒரு பைட்டு முதல் 15 பைட்டு வரை நீளும். 64 பிட்டு ஆர்ம் கட்டமைப்பில் ஒவ்வொரு கட்டளையும் சரியாக 4 பைட்டு. ரிஸ்க்-ஃபைவில் 4 பைட்டுக் கட்டளைகளும், அவற்றைச் சுருக்கிய 2 பைட்டுக் கட்டளைகளும் உண்டு. கணக்கிடும்போது எண்களைத் தற்காலிகமாக ஏந்தும் இடங்களான பொதுப் பதிவகங்களும், எக்ஸ்86-64இல் 16, 64 பிட்டு ஆர்மில் 31, ரிஸ்க்-ஃபைவில் 32 என மாறுபடுகின்றன.

தொலைவிலிருந்து பிழை நீக்குதல்

கல்வெட்டின்மீது ஈரத்தாளை ஒற்றி, மை தடவிப் படியெடுப்பர். அம்மைப்படியைக்கொண்டு, குன்றுக்கு நேரில் செல்லாத அறிஞரும் வேற்றூரில் அமர்ந்து கல்வெட்டைப் படிக்கலாம். கணினித்துறையிலும் இத்தகைய முறை ஒன்று உண்டு. ஒரு நிரலை இடையிடையே நிறுத்தி, அதன் உள்நிலையை ஆராய்ந்து பிழை காண உதவும் மென்பொருள், பிழைநீக்கி எனப்படும். ஆராயும் கணினி ஓரிடத்திலும் ஆராயப்படும் கருவி வேறிடத்திலும் இருந்தால், அது தொலைநிலைப் பிழைநீக்கி ஆகும். 1986இல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி, இன்றும் உலகெங்கும் பயன்படும் பிழைநீக்கியாகும்.

இதில் இரண்டு உறுப்புகள் உள்ளன. நம் மேசையிலுள்ள பிழைநீக்கி கேள்வி கேட்கும். தொலைவிலுள்ள கருவியில் இயங்கும் சிறுநிரல் விடை தரும். ‘பதிவகங்களில் என்ன உள்ளது?’ எனப் பிழைநீக்கி கேட்டால், சிறுநிரல் பதிவகங்களின் பெயர்களைச் சொல்வதில்லை. எல்லாப் பதிவகங்களின் மதிப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட இலக்கவரிசையையே அனுப்புகிறது. 64 பிட்டு ரிஸ்க்-ஃபைவ் செயலியின் 32 பதிவகங்களும், அடுத்த கட்டளையின் இடத்தைச் சுட்டும் பதிவகம் ஒன்றும் தலா 8 பைட்டு எனக்கொண்டால், அவ்வரிசை 264 பைட்டு நீளமுடையது. எங்கே வெட்டவேண்டும், எப்பகுதிக்கு எப்பெயர் என்பதைக் கட்டமைப்பு தெரிந்தால்தான் கூறமுடியும்.

பிழைநீக்கி அச்செயலியைத் தவறாக 32 பிட்டு எனக் கருதியிருந்தால், 132 பைட்டுகளையே எதிர்பார்க்கும். 264 பைட்டுகள் வந்ததும், ‘விடை மிக நீளமாக உள்ளது’ என அறிவித்து நின்றுவிடும். தொடக்கநிலையில் பயில்வோர் இதனைத் தொல்லையாகக் கருதுவர். உண்மையில் இது நற்பேறு. நீளம் ஒத்திருந்து வரிசைமுறை மட்டும் மாறியிருந்தால் எந்த எச்சரிக்கையும் வாராது. தவறான மதிப்புகள் மெய்போல் திரையில் நிற்கும்.

யாருடைய கட்டமைப்பு?

‘இச்செயலி எவ்வகையது?’ என்னும் கேள்வி எளியதாகத் தோன்றும். ஆயின், தொலைநிலைப் பணியில் அக்கேள்விக்குள் நான்கு கேள்விகள் அடங்கியுள்ளன.

1. பிழைநீக்கி இயங்கும் நம் கணினியின் கட்டமைப்பு யாது?
2. தொலைவிலுள்ள கருவியின் செயலி எவ்வகையது?
3. அச்செயலிமீது இயங்கும் இயக்க அமைப்பு எந்தக் கட்டமைப்புக்குரியது?
4. நாம் ஆராயும் நிரல் எந்தக் கட்டமைப்புக்காக உருவாக்கப்பட்டது?

நான்கிற்கும் விடை ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. எக்ஸ்86-64 மடிக்கணினியிலிருந்து, 64 பிட்டு ஆர்ம் கருவியில் இயங்கும் 32 பிட்டு நிரலை ஆராயும் நிலையும் ஏற்படலாம். இவற்றுள் மிகுதியாக நேரும் தவறு, முதற்கேள்வியின் விடையை நான்காம் கேள்விக்குத் தருவதாகும். வடபுல எழுத்து விதியைத் தென்னாட்டுக் கல்வெட்டின்மீது ஏற்றியதைப் போன்றதே, தன் கணினியின் இலக்கணத்தைத் தொலைவிலுள்ள நிரலின்மீது ஏற்றுவதும்.

ஜிடிபி போன்ற பிழைநீக்கிகள் கட்டமைப்பை மூன்று வழிகளில் அறிகின்றன. தொலைக்கருவியே தன் பதிவகங்களின் பெயர், அளவு, வரிசை ஆகியவற்றை விவரித்து அனுப்புவது முதல்வழி. ஆராயப்படும் நிரலின் கோப்பைப் பார்த்து அறிவது இரண்டாம் வழி. பயன்படுத்துவோர் வெளிப்படையாகக் குறிப்பிடுவது மூன்றாம் வழி. இம்மூன்றும் இல்லாதபோது, பிழைநீக்கி தன் இயல்புநிலைக் கட்டமைப்பை மேற்கொள்ளும். பெரும்பாலும் அது நம் மேசைக்கணினியின் கட்டமைப்பாகவே அமையும். தவறு நுழையும் வாயில் இதுவே.

கோப்பின் முதல் இருபது பைட்டுகள்

நிரலின் கோப்பு தன் கட்டமைப்பைத் தன் முகப்பிலேயே தாங்கியிருக்கும். லினக்ஸ் இயக்க அமைப்பில் வழங்கும் ஈஎல்எஃப் என்னும் கோப்புவகையைச் சான்றாகக் கொள்வோம். அத்தகைய கோப்பு ஒன்றன் முதல் 20 பைட்டுகள் பின்வருமாறு:

127 69 76 70 2 1 1 0 0 0 0 0 0 0 0 0 2 0 243 0

முதல் நான்கு எண்களும், இஃது ஈஎல்எஃப் கோப்பு என்பதைக் காட்டும் அடையாளக்குறி. ஐந்தாம் எண் 1 எனில் 32 பிட்டு. 2 எனில் 64 பிட்டு. ஆறாம் எண் பைட்டுகளைப் படிக்கும் வரிசையைக் கூறும். 19, 20ஆம் எண்கள் இரண்டும் சேர்ந்து கட்டமைப்பின் அடையாள எண்ணாகும். அவ்வெண்களுட் சில:

3 – எக்ஸ்86, 32 பிட்டு
8 – மிப்ஸ்
40 – ஆர்ம், 32 பிட்டு
62 – எக்ஸ்86-64
183 – ஆர்ம், 64 பிட்டு
243 – ரிஸ்க்-ஃபைவ்

எனவே, மேலே கண்டது 64 பிட்டு ரிஸ்க்-ஃபைவ் செயலிக்குரிய நிரல் எனத் தெளியலாம்.

தெரிந்து தெளிவோம்

முதல் அடையாளம் ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்தல் கூடாது. ஜாவா மொழியின் தொகுக்கப்பட்ட கோப்பும், ஆப்பிள் கணினிகளில் பல கட்டமைப்புகளுக்குரிய நிரல்களை ஒன்றாகக் கட்டிவைத்த கோப்பும் 202, 254, 186, 190 என்னும் அதே நான்கு எண்களுடன் தொடங்குகின்றன. அடுத்துவரும் எண்களையும் நோக்கினால்தான் இரண்டையும் பிரித்தறிய இயலும்.

எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?

04.07 என்பதை நாம் ஜூலை 4 என்போம். அமெரிக்கர் ஏப்ரல் 7 என்பர். இலக்கங்கள் ஒன்றே, வரிசை பற்றிய மரபே வேறு. சொற்களால் எண்களைக் குறிக்கும் பழைய இந்திய வானியல் நூல்களில், ஒன்றாம் இடத்து இலக்கம் முதலில் வரும். அதனை அறியாதார் ஆண்டையே தலைகீழாகக் கணித்துவிடுவர்.

கணினியிலும் இவ்விரு மரபுகள் உள. சிறுமதிப்புடைய பைட்டை முதலில் வைப்பது சிறுமுனை வரிசை. பெருமதிப்புடைய பைட்டை முதலில் வைப்பது பெருமுனை வரிசை. முட்டையை எந்த முனையில் உடைப்பது எனப் பூசலிட்ட மக்களைப் பற்றி ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய ‘கல்லிவரின் பயணங்கள்’ நூலிலிருந்து, டேனி கோஹன் 1980இல் இப்பெயர்களை எடுத்தாண்டார்.

மேற்கண்ட கோப்பின் ஆறாம் எண் 1; அது சிறுமுனை வரிசையைக் குறிக்கும். அது 2 ஆக இருப்பின் பெருமுனை வரிசை. சிறுமுனை மரபில் 243, 0 என்பது 243. பெருமுனை மரபில் அதுவே 62,208 ஆகிவிடும். அடையாள எண்ணைப் படிப்பதற்கே முதலில் வரிசையை அறியவேண்டும் என்பதால்தான், வரிசையைக் கூறும் எண் ஒற்றைப் பைட்டாக முன்னால் வைக்கப்பட்டுள்ளது.

ஒன்றற்குப் பல பெயர்

தமிழ்பிராமியைத் தமிழி என்றும் அழைப்பதுபோல, ஒரே கட்டமைப்பு வெவ்வேறு தளங்களில் வெவ்வேறு பெயர் பெறும். லினக்ஸ் ‘எக்ஸ்86-64’ என்பதை விண்டோஸ் ‘ஏஎம்டி64’ என்னும். லினக்ஸில் ‘ஏஆர்ச்64’ எனப்படுவது, ஆப்பிள் கணினியில் ‘ஆர்ம்64’ எனப்படும். பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் இவற்றை வேறுவேறு எனக் கருதி ஏமாறும்.

இடைநின்று மொழிபெயர்க்கும் மென்பொருளும் உண்டு. 1799இல் எகிப்தில் கிடைத்த ரொசெட்டா கல்லில் ஒரே செய்தி மூன்று எழுத்துமுறைகளில் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் துணையால் 1822இல் சாம்போலியன் பண்டைய எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டார். 2020இல் இன்டெல் செயலிகளைவிட்டு ஆர்ம் கட்டமைப்புக்கு மாறத்தொடங்கிய ஆப்பிள் நிறுவனம், பழைய நிரல்களை மொழிபெயர்த்து இயக்கும் மென்பொருளுக்கு ‘ரொசெட்டா 2’ எனப் பெயரிட்டது. அதன்வழி இயங்கும் நிரல், ‘நான் இருப்பது எந்தச் செயலியில்?’ என வினவினால், எக்ஸ்86-64 என்னும் விடையே கிடைக்கும். அந்நிரலுக்கு அது பொருத்தமான விடை. அடியிலுள்ள செயலிக்கோ பொருந்தாத விடை. ஆகவே, விடையைப் பெறும்போது யாரைக் கேட்டோம் என்பதையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

தவறினால் நேர்வது

கல்வெட்டைத் தவறாகப் படித்தாலும் கல் மாறுவதில்லை. பின்வருவோர் திருத்திப் படிக்கலாம். பிழைநீக்கியோ படிப்பதோடு நிற்பதில்லை, எழுதவும் செய்கிறது. நிரலை ஓரிடத்தில் நிறுத்த, அங்குள்ள கட்டளையின்மேல் நிறுத்தப்புள்ளிக்குரிய எண்ணை அது எழுதும். எக்ஸ்86 கட்டமைப்பில் அஃது ஒரு பைட்டு. அதன் மதிப்பு 204. 64 பிட்டு ஆர்மில் அது 4 பைட்டு. ஆர்ம் செயலியை எக்ஸ்86 எனத் தவறாகக் கருதி அந்த ஒரு பைட்டை எழுதினால், நான்கு பைட்டுக் கட்டளையின் ஒருபகுதி மட்டும் சிதையும். நிற்கவேண்டிய நிரல் நில்லாது. எவரும் எழுதாத புதிய கட்டளை ஒன்று நிறைவேறக்கூடும். அருகிலுள்ள கருவியாயின் அணைத்து மீண்டும் தொடங்கலாம். கைக்கெட்டாத் தொலைவில் இருப்பின் என்செய்வது?

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, பணிக்கிடையே தானாகவே மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆயிற்று. பொறியாளர்கள் செவ்வாயிலுள்ள கணினியில் உடனே கைவைக்கவில்லை. புவியிலிருந்த ஒத்தபடிக் கலத்தில், அதே மென்பொருளை இயக்கி, அப்பிழையை மீண்டும் தோன்றச் செய்தனர். முன்னுரிமை குறைந்த பணி ஒன்று, முன்னுரிமை மிகுந்த பணிக்குத் தேவையான வளத்தைப் பிடித்துவைத்திருந்ததே காரணம் எனக் கண்டனர். அதன்பின்னரே சிறு திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பிப் பிழையை நீக்கினர். தொலைவிலுள்ள கருவி எத்தகையது என்பதை ஐயமற அறிந்திருந்தமையே அவர்தம் துணிவுக்கு அடிப்படையாயிற்று.

நம் மண்ணின் செயலிகள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு, ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பின் அடிப்படையில் ‘சக்தி’ என்னும் செயலிக் குடும்பத்தை வடிவமைத்தது. 2018இல் அதன் சில்லு ஒன்று அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவானது. ‘ரிமோ’ என்னும் சில்லு மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவானது. விண்வெளிப் பயன்பாட்டிற்காக இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கிய ‘ஐரிஸ்’ சில்லு 2025இல் அறிவிக்கப்பட்டது. திருவனந்தபுரத்திலுள்ள உயர்நிலைக் கணிப்பு மேம்பாட்டு மையமான சி-டாக், ‘வேகா’ என்னும் வரிசையை வடிவமைத்துள்ளது.

இவற்றுக்கான நிரல்கள் எல்லாம் 243 என்னும் ஒரே அடையாள எண்ணையே தாங்கும். ஏனெனில், அவ்வெண் குடும்பத்தை மட்டுமே குறிக்கிறது. சுருக்கக் கட்டளைகள் உண்டா, பதின்மக் கணக்கைச் செயலியே நேரடியாகச் செய்யுமா என்பன செயலிக்குச் செயலி மாறும். குடும்பப்பெயரை அறிந்தபின் ஆளை அறியவேண்டும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை 1929இல் நூலாகத் தொகுத்து வெளியிடப்பெற்றன. தமிழ்பிராமி, வட்டெழுத்து, கிரந்தம், தமிழ் எனப் பல எழுத்துகளை ஒரே வட்டாரத்தில் தாங்கிநிற்கும் மண் இது. இம்மண்ணில் ஒரு கல்லின்முன் நிற்பவர் முதலில் எழுத்துவகையை உறுதிசெய்துகொள்கிறார். பின்னரே சொல்லைத் தேடுகிறார். நாளை ஒரு செயலிக்கு நிரல் எழுதவோ பிழை களையவோ அமரும் மாணவரும் அவ்வாறே செய்தல் வேண்டும். பழகிய விதியே எங்கும் பொருந்தும் என்னும் எண்ணத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, எதிரிலுள்ளது தன்னைப் பற்றிக் கூறுவதை முதலில் கேட்போமாக.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலுள்ள கணினி, உங்கள் வீட்டிலுள்ள கைப்பேசி ஆகியவற்றின் அமைப்புப் பகுதியைப் பார்த்து, செயலியின் கட்டமைப்பு என்ன பெயரால் குறிக்கப்பட்டுள்ளது என்பதை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கல்வெட்டு ஒன்றனைக் கண்டு, அஃது எவ்வகை எழுத்தில் அமைந்துள்ளது என்பதை ஆசிரியர் துணையுடன் அறிந்து வகுப்பில் உரையாற்றுக.

கலைச்சொல் அறிவோம்

செயலி – பிராசஸர்
கட்டமைப்பு – ஆர்க்கிடெக்சர்
பதிவகம் – ரிஜிஸ்டர்
தொலைநிலைப் பிழைநீக்கி – ரிமோட் டீபக்கர்
நிறுத்தப்புள்ளி – பிரேக்பாயிண்ட்
மைப்படி – எஸ்டாம்பேஜ்

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஈஎல்எஃப் கோப்பில் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பைக் குறிக்கும் எண்
அ) 40 ஆ) 62 இ) 183 ஈ) 243

2. பொருத்தமற்ற இணையைத் தேர்க.
அ) குடுமியான்மலை – இசைக்கல்வெட்டு
ஆ) சித்தன்னவாசல் – ஏழடிப்பட்டம்
இ) சக்தி – பெருமுனை வரிசை
ஈ) வேகா – சி-டாக்

குறுவினா

1. செயலியின் கட்டமைப்பு என்பது யாது?
2. வடபுலப் பிராமி விதிப்படி ‘மகன்’ என்பது ‘மாகான’ எனத் தோன்றுவது ஏன்?

சிறுவினா

1. தொலைநிலைப் பணியில் ‘யாருடைய கட்டமைப்பு?’ எனக் கேட்கவேண்டியதன் தேவையை விளக்குக.
2. ஒரு கோப்பின் முதல் 20 பைட்டுகள்: 127 69 76 70 1 2 1 0 0 0 0 0 0 0 0 0 0 2 0 8. இக்கோப்பு எத்தனை பிட்டு, எவ்வரிசை, எந்தக் கட்டமைப்பு எனக் காரணத்துடன் எழுதுக.

நெடுவினா

கல்வெட்டைப் படித்தலும் தொலைவிலுள்ள கணினியின் பிழை களைதலும் ஒத்தும் வேறுபட்டும் அமையும் இடங்களைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.